தலையைக் கையிலேந்திய ஆயரின் ஊர்

பாரிஸ் மாநகரின் வடக்கு எல்லையை ஒட்டிக் கிடக்கும் சென் தெனி என்னும் புறநகரைப் பற்றிப் பயணக் கையேடுகள் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கின்றன: பிரெஞ்சு அரசர்களை அடக்கம் செய்த பேராலயம் அங்கே உள்ளது, 1998ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் நடந்த அரங்கமும் அங்கேதான் உள்ளது. இந்த ஊர் தன் வரலாற்றில் மூன்று பெயர்களால் வழங்கப்பட்டது என்பதையும், இன்றைய தெருக்களும் ரயில் நிலையங்களும் மறைந்துபோன சந்தை, மூடப்பட்ட தொழிற்சாலை, வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நினைவைப் பெயரளவில் காத்து நிற்கின்றன என்பதையும் அவை சொல்வதில்லை. இவற்றைக் காண விரும்புவோருக்குச் சுரங்க ரயிலைவிட நடையே ஏற்றது. ஏனெனில் அரசர்களின் சவ ஊர்வலங்கள் பாரிஸிலிருந்து வடக்கே சென்ற நெடுஞ்சாலை, பெயர்கள் மாறியும் அகலம் கூடியும், இன்றும் கிட்டத்தட்ட அதே தடத்தில் கிடக்கிறது.

அவ்வழியின் தொடக்கத்தில், 1672இல் பதினான்காம் லூயியின் படை வெற்றிகளைப் போற்றிக் கட்டப்பட்ட போர்த் சென் தெனி, அதாவது சென் தெனி வாயில், என்னும் வெற்றி வளைவு நிற்கிறது. பழைய மதிலின் வாயில் இருந்த இடம் அது. முடிசூடிய அரசர் தலைநகருக்குள் விழாக்கோலத்தில் நுழைந்ததும், இறந்தபின் அவரது உடல் நகரைவிட்டு வெளியேறியதும் இந்தச் சாலை வழியாகத்தான். வளைவைத் தாண்டியதும் தெருவின் பெயர் ஃபோபூர் சென் தெனி என்று மாறுகிறது. ஃபோபூர் என்பது மதிலுக்கு வெளியே வளர்ந்த குடியிருப்பைக் குறிக்கும் சொல். ஊருக்கு வெளியே என்ற பொருள் தந்த பழைய வடிவம், காலப்போக்கில் மக்கள் வாயில் ‘போலி ஊர்’ என ஒலிக்கும்படி திரிந்து, அந்தத் திரிபே எழுத்திலும் நிலைத்துவிட்டது.

இத்தெருவின் வட கோடியில், லா ஷப்பேல் பகுதியை நெருங்கும்போது, கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துகள் தோன்றத் தொடங்குகின்றன. 1980களிலிருந்து போரின் காரணமாக இலங்கையிலிருந்து பெயர்ந்து வந்த தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு இது; முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் மளிகைக் கடைகள், சேலைக் கடைகள், நகைக் கடைகள், கொத்துரொட்டித் தட்டின் ஓசை தெருவரை கேட்கும் உணவகங்கள் என்று நெருக்கமாக அமைந்த இப்பகுதியில், கோடையின் இறுதியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வீதியுலா வரும்போது நடைபாதையெங்கும் தேங்காய் உடைக்கப்படுகிறது. பாரிஸ் தமிழர்கள் தங்கள் வாடகைச் சீட்டிலும் கடை முகவரியிலும் அன்றாடம் எழுதும் ‘சென் தெனி’ என்ற பெயர், அத்தெரு சென்று சேரும் ஊரின் பெயரே என்பது அங்கே வணிகம் செய்வோரில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும் என்பது கேட்டறியத்தக்கது. இச்சமூகத்தினரில் பலர் வீடு எடுத்து வாழ்வதும், இதே சாலை சென்றடையும் வடக்குப் புறநகர்களில்தான்.

லா ஷப்பேல் என்றால் சிற்றாலயம் என்று பொருள். பாரிஸின் காவல் புனிதராகக் கருதப்படும் ஜெனவியெவ் அம்மையார் சென் தெனி, அதாவது புனித தெனி, என்னும் ஆயரின் கல்லறைக்குச் செல்லும் வழியில் தங்கிய இடம் என்ற மரபு இதற்கு உண்டு. 1429 செப்டம்பரில் ஆங்கிலேயர் வசமிருந்த பாரிஸைத் தாக்கித் தோற்று, காயமுற்ற ஜோன் ஆஃப் ஆர்க் இங்கே பின்வாங்கி, பிறகு சென் தெனி ஆலயத்துக்குச் சென்று தன் போர்க்கவசத்தைக் காணிக்கையாக வைத்தார். 1860இல் பாரிஸோடு இணைக்கப்படும் வரை லா ஷப்பேல் தனி ஊராகவே இருந்தது. நகரம் தன் புறநகர்களை எவ்வாறு விழுங்கி வளர்ந்தது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

நகரைச் சுற்றியோடும் வளையச் சாலைக்கு அடியில் நடந்து மறுபுறம் வந்தால், பிரெஞ்சு மொழியில் பான்லியூ எனப்படும் புறநகர்ப் பரப்பு தொடங்குகிறது. இச்சொல்லை ‘விலக்கி வைக்கப்பட்ட இடம்’ என்று பலரும் விளக்குவதுண்டு. அரசியல் மேடைக்கு ஏற்ற விளக்கம், ஆனால் பிழையானது. ‘பான்’ என்பது ஆட்சியாளரின் ஆணையை அறிவிக்கும் பறையறைவு. ‘லியூ’ என்பது காதம் போன்ற ஒரு பழைய தூர அளவு. நகர ஆட்சியின் ஆணை செல்லுபடியாகும் சுற்றுவட்டாரமே பான்லியூ. விலக்கப்பட்ட நிலம் என்ற எண்ணம் பிற்காலத்தது. அதற்கு வேண்டிய காரணங்களை இருபதாம் நூற்றாண்டு தாராளமாக வழங்கியது.

இங்கிருந்து சாலை லா பிளேன் எனப்படும் சமவெளியை ஊடறுத்துச் செல்கிறது. 1960களில் இதன் நடுவே ஏ1 விரைவுச்சாலையைப் பள்ளமாகத் தோண்டி, இரு பக்கத்துக் குடியிருப்புகளையும் ஒன்றையொன்று எட்ட முடியாதவாறு பிரித்துவிட்டனர். 1998இல் உலகக் கோப்பையை முன்னிட்டு அப்பள்ளத்தை மூடி மேலே பூங்கா அமைத்தனர். இப்போது மரங்களுக்கும் இருக்கைகளுக்கும் கீழே வாகனங்கள் ஓடும் இத்தடத்தின் ஓரத்தில்தான், இடைக்காலத்தில், மோன்ழுவா எனப்பட்ட சிறு நினைவுச் சின்னங்கள் நின்றன. ஒன்பதாம் லூயி 1270இல் துனிஸில் இறந்தபின், அவரது எலும்புகளை மகன் மூன்றாம் பிலிப் தோளில் சுமந்து வந்தபோது இளைப்பாறிய இடங்களைக் குறிக்க அவை எழுப்பப்பட்டன என்பது மரபு. போர்க்களத்தில் பிரெஞ்சு அரசரின் படை எழுப்பிய முழக்கமும் ‘மோன்ழுவா சென் தெனி’ என்பதே. மோன்ழுவா என்றால் மகிழ்ச்சியின் குன்று என்பார் சிலர், பழைய ஜெர்மானியச் சொல் என்பார் சிலர். அதன் வேர் குறித்து அறிஞரிடையே உடன்பாடு இல்லை.

சமவெளியின் பெயர்களில் மிகுந்த சுவையுடையது லாந்தி. இடைக்காலத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இங்கே ஒரு பெருஞ்சந்தை கூடியது. ஆலயத்தின் புனிதப் பொருள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதால், ‘அறிவிக்கப்பட்டது’ எனப் பொருள்படும் ‘இந்திக்தும்’ என்ற லத்தீன் சொல் அச்சந்தையின் பெயராயிற்று. பேச்சு வழக்கில் அது ‘ஆந்தி’ எனத் தேய்ந்தது. பிரெஞ்சில் பெயருக்கு முன் வரும் சுட்டான ‘ல’ ஒட்டிக்கொண்டு ‘லாந்தி’ ஆனது. அந்தச் சுட்டு ஏற்கெனவே உள்ளே இருப்பதை மறந்த மக்கள் அதற்கு முன் இன்னொரு சுட்டைச் சேர்த்து ‘லெ லாந்தி’ என்றனர். துணியும் தோலும் விற்ற அச்சந்தைக்குப் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆசிரியர்களும் மாணவர்களும் சூழ ஊர்வலமாக வந்து, எழுதுவதற்கான ஆட்டுத்தோல் தாள்களை வாங்கிச் செல்வது வழக்கம். அச்சும் காகிதமும் பரவியபின் தோலுக்குத் தேவை குறைந்தது, சந்தையும் நலிந்தது. லாந்தித் தெரு மட்டும் மாறாமல் இருக்கிறது. அதில் இப்போது அலுவலகக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

சந்தைவெளி தொழிற்சாலை வெளியான வரலாறு விரைவில் சொல்லி முடிக்கக்கூடியது. 1821இல் சென் தெனிக் கால்வாய் திறக்கப்பட்டது; 1846இல் வடக்கு ரயில் பாதை வந்தது; நிலக்கரியும் மூலப்பொருளும் எளிதில் வந்திறங்கும் இடமாகிவிட்ட இங்கே இரும்பு, வேதிப்பொருள், எரிவாயு, வெள்ளிப் பாத்திரம் என்று ஆலைகள் நெருங்கின. பிரான்ஸின் பிரெத்தானி வட்டாரத்திலிருந்து வந்த உழவர்கள் முதலில் குடியேறினர். அவர்களுக்குப் பின் இத்தாலியர், ‘குட்டி ஸ்பெயின்’ என்று இன்றும் அழைக்கப்படும் பகுதியை உண்டாக்கிய ஸ்பானியர், அல்ஜீரியர், போர்த்துகீசியர், மேற்கு ஆப்பிரிக்கர் ஆகியோர் வந்தனர். இசைமேதை ஷோப்பேன் விரும்பி வாசித்த பியானோக்களைச் செய்த பிளேயல் நிறுவனத்தின் ஆலையும் இங்கே இருந்தது. ஆலை போய்விட்டது, அது நின்ற நாற்சந்தி பிளேயல் என்றே வழங்கியது, 2024 ஜூனில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவின் வடிவமைப்பில் அங்கே திறக்கப்பட்ட பெரும் மெட்ரோ நிலையத்துக்கும் சென் தெனி பிளேயல் என்றே பெயரிட்டனர். பழைய எரிவாயு ஆலையின் நிலத்தில்தான் சுமார் 80,000 பேர் அமரும் ஸ்தாத் து ஃப்ரான்ஸ் என்னும் அரங்கம் 1998 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரு நாட்டின் பெயரையே தாங்கிய அந்த அரங்கத்துக்கு அருகே நடப்பவருக்கு, ஆட்டமில்லாத நாள்களில் அது ஊரோடு ஒட்டாத பொருளாகவே தோன்றும்.

கால்வாயைக் கடந்ததும் பழைய ஊர் தொடங்குகிறது. இதன் முதல் பெயர் கத்துல்லியாகுஸ். ரோமானியர் ஆண்ட காலத்தில், இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய கால் (Gaul) நாட்டில், நிலவுடைமையாளரின் பெயரோடு ‘ஆகுஸ்’ அல்லது ‘ஆகும்’ என்ற விகுதியைச் சேர்த்து அவரது பண்ணையைக் குறிப்பது வழக்கம். கத்துல்லுஸ் என்பவரின் நிலம் கத்துல்லியாகுஸ். அவுரேலியுஸ் என்பவரின் பண்ணை இவ்வாறே ஓர்லி ஆகி இன்று விமான நிலையத்தின் பெயராகவும், அந்தோனியுஸின் பண்ணை பாரிஸுக்குத் தெற்கே உள்ள ஆந்தொனி என்னும் ஊராகவும் நிலைத்தன. அவ்வரிசையில் கத்துல்லியாகுஸும் தேய்ந்து சுருங்கி ஒரு பெயராகியிருக்க வேண்டும். ஒரு கல்லறை அதற்கு இடம் தரவில்லை.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸின் முதல் ஆயராக இருந்த தெனி, தம் தோழர்களான ருஸ்திக்குஸ், எலெயுத்தேரியுஸ் ஆகியோருடன் தலை வெட்டிக் கொல்லப்பட்டார் என்பது திருச்சபை மரபு. பிற்காலத் தலபுராணம் இதோடு நிற்கவில்லை. மோன்மார்த்ர் குன்றில் வெட்டுண்ட தம் தலையைக் கையிலேந்தி எழுந்த ஆயர், வடக்கே பல கிலோமீட்டர் தூரம் நடந்து வந்து, தாம் அடங்க விரும்பிய இடத்தில் விழுந்தார் என்றும், கத்துல்லா என்ற பெண்மணி அவரை அடக்கம் செய்தார் என்றும் அது கூறுகிறது. அப்பெண்மணியின் பெயரை ஊரின் பழைய பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெயருக்கு விளக்கம் வேண்டிப் பாத்திரம் படைக்கப்பட்டது புலப்படும். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெனவியெவ் அம்மையார் கல்லறைமீது ஆலயம் எழுப்பச் செய்தார். அரச குடும்பத்தார் அதனருகே தங்களுக்கும் அடக்க இடம் தேடினர். 1959இல் நடந்த அகழாய்வில் ஆறாம் நூற்றாண்டு அரசி ஒருவரின் கல்பேழை திறக்கப்பட்டபோது, விரலில் இருந்த மோதிரத்தில் அர்நெகுந்திஸ் என்ற பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. 639இல் அரசர் தகோபேர் இங்கே அடக்கமான பின்னர், ஆலயத்தை ஒட்டிய துறவுமடமும் அரச குலமும் பிரிக்க முடியாதவையாயின. ஊரும் கல்லறையின் பெயரையே ஏற்றது.

தெனி என்பது தியோனிசியுஸ் என்ற கிரேக்க-லத்தீன் பெயரின் பிரெஞ்சு வடிவம். மதுக் கடவுளான தியோனிசோஸுக்கு உரியவர் என்பது அதன் மூலப் பொருள். கிறித்தவப் புனிதர் ஒருவர் கிரேக்க மதுக்கடவுளின் பெயரைத் தாங்கி நிற்பதும், இவ்வூர் மக்கள் இன்றும் தியோனிசியேன் என்றே அழைக்கப்படுவதும் வரலாற்றின் குறும்புகள். தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவின் தலைநகருக்கும் இதே பெயர்தான், அவ்வூராரும் தியோனிசியேன்களே.

ஆனால் பெயர் ஒன்றாக இருப்பது சில சமயம் ஆபத்தில் முடியும். 827இல் பைசாந்தியப் பேரரசர் மிக்காயேல், பிராங்கியப் பேரரசர் லூயிக்கு ஒரு கிரேக்கச் சுவடியை அன்பளிப்பாக அனுப்பினார். அது தியோனிசியுஸ் என்ற பெயரில் வழங்கிய இறையியல் நூல்களைக் கொண்டது. மடத்தின் தலைவர் ஹில்துயின் இவற்றை எழுதியவரையும், ஏதென்சில் தூய பவுலால் மனம் மாறிய தியோனிசியுஸையும், தம் ஆலயத்தில் அடங்கிய பாரிஸ் ஆயரையும் ஒரே ஆளாக்கினார். மூன்று நூற்றாண்டுகளில் வாழ்ந்த மூவர் ஒரே பெயரால் ஒருவராயினர். மடத்தின் பெருமை மும்மடங்காயிற்று. 1121 வாக்கில் அங்கே துறவியாக இருந்த மெய்யியலாளர் அபெலார், பழைய நூலொன்றைக் காட்டி இவ்வுரிமையை ஐயுற்றபோது, உடன் துறவிகள் அதை நாட்டுக்கே இழைத்த துரோகமாகக் கண்டனர். அவர் இரவோடிரவாகத் தப்பியோட நேர்ந்தது. ஐயம் எழுப்பியவர் சொன்னதே சரி என்று பிற்கால ஆய்வு நிறுவியது. மடத்தில் அதனால் யாருக்கும் அன்று பயனில்லை.

பேராலயத்தின் முகப்புக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் நிற்போர் முதலில் கவனிப்பது அதன் ஒற்றைக் கோபுரம். வடக்குக் கோபுரம் புயலால் சேதமுற்று 1840களில் கல் கல்லாக இறக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பும் பணி 2025இல் தொடங்கியது. 1122 முதல் 1151 வரை மடத்தின் தலைவராக இருந்த சூஜே, எளிய குடியில் பிறந்து அரசர்களுக்கு ஆலோசகராக உயர்ந்தவர். அவர் முகப்பை 1140இலும் கிழக்குப் பகுதியை 1144இலும் அர்ப்பணித்தபோது, பின்னர் கோத்திக் என்று பெயர்பெற்ற கட்டடக்கலை தோன்றிவிட்டது என்பது கலை வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. கோத்திக் என்ற அப்பெயரும் பிற்கால இத்தாலியர் வசையாகச் சூட்டியதே. கருவறையைச் சுற்றிய நடைவழியில், தடித்த சுவர்களுக்குப் பதிலாக மெல்லிய தூண்கள் கூர்வளைவு விதானத்தைத் தாங்குவதால், தூண்களுக்கு இடையே உள்ள பரப்பு முழுவதும் வண்ணக் கண்ணாடிக்குக் கிடைக்கிறது. கண்ணாடி ஓவியம் ஒன்றில், மரியாளின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கும் சிறிய துறவி உருவமும் அருகே அவரது பெயரும் தெரிகின்றன, அவர் சூஜே. பணிவைக் காட்டும் கோலத்தில் தம் பெயரை நிலைநிறுத்திக்கொள்ள அவர் மறக்கவில்லை.

நடுக்கூடத்தில் நுழையக் கட்டணம் இல்லை. கல்லறைப் பகுதிக்குக் கட்டணம் உண்டு. ஆண்டவரைக் காண இலவசம், ஆண்டவர்களைக் காணக் காசு. எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைச் சிற்பங்கள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. அரசர்களின் பாதத்தடியில் சிங்கமும் அரசிகளின் பாதத்தடியில் நாயும் பெரிதும் காணப்படுகின்றன. முன்னது வீரத்துக்கு, பின்னது உண்மைக்கு. பன்னிரண்டாம் லூயி, அவரது அரசி பிரெத்தானியின் ஆன் ஆகியோரின் கல்லறை இரண்டு அடுக்குகள் கொண்டது. மேலே இருவரும் மண்டியிட்டு வேண்டுகின்றனர். கீழே இருவரும் ஆடையின்றிப் பிணமாகக் கிடக்கின்றனர். உடலைப் பதப்படுத்துவதற்காக வயிற்றைக் கிழித்துத் தைத்த தையலையும் சிற்பி பளிங்கில் ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார். அரச புகழ் பாடும் சிற்பங்கள் மலிந்த அக்கூடத்தில் நெடுநேரம் நின்று பார்க்கத் தகுந்தது இதுவே.

சிற்பங்கள் தப்பின, உடல்கள் தப்பவில்லை. 1793 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் புரட்சி அரசின் ஆணைப்படி கல்லறைகள் திறக்கப்பட்டு, எலும்புகள் அருகிலிருந்த குழிகளில் கொட்டப்பட்டன. ஈயப் பேழைகள் தோட்டாக்களுக்காக உருக்கப்பட்டன. அலெக்ஸாந்தர் லெனுவார் என்பவர் சிற்பங்களைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் சேர்த்ததால் அவை பிழைத்தன. புனிதர் என்ற சொல்லையே ஊர்ப் பெயர்களிலிருந்து அகற்றிய அதே வேகத்தில், சென் தெனி ஃப்ரான்சியாத் ஆனது. புரட்சிக் குடியரசின் புதிய நாள்காட்டியில் நான்காண்டுச் சுற்றுக்கும் இதே பெயர்தான். நாள்காட்டி 1806இல் கைவிடப்பட்டது. ஊர்ப் பெயர் அதற்கும் முன்பே வழக்கொழிந்தது. நெப்போலியன் பேராலயத்தைச் சீர்செய்ய ஆணையிட்டு, மடத்தின் கட்டடங்களைத் தாம் நிறுவிய லெஜியோன் தொனேர் விருது பெற்றவர்களின் பெண்மக்கள் பயிலும் பள்ளிக்கு அளித்தார். அப்பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. மீண்டும் அரியணையேறிய பூர்போன் குலம் 1815 ஜனவரி 21 அன்று பதினாறாம் லூயி, மரி அந்துவானெத் ஆகியோரின் எச்சங்களைக் கொண்டுவந்து அடக்கம் செய்தது. குழிகளில் கிடந்த எலும்புகளையும் 1817இல் எடுத்து நிலவறையில் சேர்த்தது. எது எவருடையது என்று பிரித்தறிய வழியில்லாததால், அரச குலங்கள் பல அங்கே ஒன்றாகவே கிடக்கின்றன.

பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில், செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஆகிய நாள்களில் கூடும் சந்தை இருக்கிறது. கொத்தமல்லிக்கட்டு, மரவள்ளி, ஆட்டிறைச்சி, துணிமணி ஆகியவற்றுக்கிடையே அரபும் பம்பாராவும் போர்த்துகீசும் கேட்கும். சற்றுத் தெற்கே, பதினைந்தாம் லூயியின் மகள் இளவரசி லூயிஸ் 1770இல் துறவு பூண்ட கார்மெல் மடம், இப்போது கலை வரலாற்று அருங்காட்சியகம். 1895இல் இவ்வூரில் பிறந்தவரும் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினருமான கவிஞர் போல் எலுவாரின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. அரசிளங்குமரியின் துறவு மடமும் பொதுவுடைமைக் கவிஞரின் பெயரும் ஒரே சுவருக்குள் அமைந்தது பொருத்தமே. வடகோடியில் உள்ள பாரிஸ் 8 பல்கலைக்கழகம், 1968 மாணவர் எழுச்சியின் விளைவாக நகரின் கிழக்கே வேன்சேன் காட்டில் தொடங்கி, 1980இல் இங்கே இடம்பெயர்க்கப்பட்டது. இன்றும் அது தன் பெயரில் வேன்சேனையும் சென் தெனியையும் சேர்த்தே எழுதுகிறது.

ஊரைச் சுற்றியுள்ள மாவட்டத்துக்கும் ஊரின் பெயரே கிடைத்தது. 1964இல் இயற்றிய சட்டத்தின்படி 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த செய்ன்-சென் தெனி மாவட்டம், செய்ன் நதியின் பெயரையும் இவ்வூரின் பெயரையும் இணைத்துச் சூட்டிக்கொண்டது. தலைமையிடம் மட்டும் பொபீனி என்ற வேறு ஊரில் அமைந்தது. மாவட்டத்துக்கு அளிக்கப்பட்ட 93 என்ற எண், அல்ஜீரியா பிரான்சின் ஆட்சியில் இருந்தபோது கொன்ஸ்தான்தீன் மாவட்டத்துக்கு உரியதாக இருந்தது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின் அந்த எண் காலியாயிற்று. அல்ஜீரியத் தொழிலாளர் குடும்பங்கள் திரளாக வாழும் இம்மாவட்டத்துக்கு அதே எண் வந்துசேர்ந்தது எண்வரிசையின் தற்செயல்தான் என்றாலும், அதை அறிந்தவருக்கு உறுத்தாமல் இராது. இளைஞர் அதைத் தொண்ணூற்று மூன்று என்று சொல்வதில்லை. ஒன்பது-மூன்று என்று இலக்கமாகப் பிரித்தே சொல்கின்றனர். இவ்வூரிலிருந்து எழுந்த என்.டி.எம். ராப் குழு 1998இல் மாவட்டத்தின் பெயரையே பாட்டுத் தலைப்பாக்கியது. குற்றச் செய்திகளில் மட்டுமே அடிபட்டுவந்த எண் ஒன்று, இளைஞரின் சட்டைகளில் பெருமையாக அச்சிடப்படும் நிலைக்கு வந்தது.

பல்கலைக்கழகத்துக்கு அப்பால், சாலை பியேர்ஃபித் என்னும் ஊருக்குள் நுழைகிறது. நட்டு நிறுத்திய கல் என்று பொருள்படும் லத்தீன் தொடரின் திரிபு அது. பிரான்ஸின் தேசிய ஆவணக் காப்பகம், 1790க்குப் பிந்தைய மைய அரசு ஆவணங்களுக்கென 2013இல் இங்கே புதிய கட்டடம் திறந்தது. மன்னர்களைக் குழியிலிட்ட அரசின் தாள்களும், அவர்களை மீட்டு அடக்கிய அரசின் தாள்களும் அதே அடுக்குகளில்தான் காக்கப்படுகின்றன. 2025 ஜனவரி 1 அன்று பியேர்ஃபித் சென் தெனியோடு இணைக்கப்பட்டு, சுமார் 1,50,000 மக்கள் கொண்ட ஒரே நகராட்சியாயிற்று. புதிய நகராட்சிக்குச் சென் தெனி என்ற பெயரே வைக்கப்பட்டது. பியேர்ஃபித் என்பது இப்போது அதன் ஒரு பகுதியின் பெயராகவும் ரயில் நிலையப் பலகையிலும் வழங்குகிறது.